ஐந்து லீற்றர்க் கான்

ஒரு பகலினதும் ஓர் இரவினதும் சிறுநீரை
வெள்ளைக் கானில் சேர்த்து
இரண்டு சொப்பிங் பைக்குள் முடிந்து
ஊர்காவற்றுறை பஸ்ஸில் கொண்டுவந்தா
மடுத்தீனின் மனிசி அக்கினேசம்மா.
"பாலோ அம்மா?" எண்டு கேட்டானாம் கொண்டக்டர்.
"ஓம் மோனை, கம்பசுக்கு" எண்டாவாம்.
எங்கள் ஆய்வில் அவ முப்பத்தேழு.

முதல் நாள் காலைச் சிறுநீரை ஊற்றிவிட வேண்டும்,
மறுநாட் காலையதைச் சேர்க்க வேண்டும்.
படித்தவர்களே பிழைவிடும் இடம்.
"கோயில் மணிக்கு ஊத்தினன்,
அடுத்தநாள் கோயில் மணிக்கு மூடினன்."
அவ்வளவுதான்.

படுக்கவைத்து ஒரு தரம் ரத்தம்.
இரண்டு மணிநேரம் நடக்கவிட்டு இன்னொரு தரம்.
எழுந்து நிற்பவருக்கு ரத்தம் காலுக்கு இறங்கும்;
சிறுநீரகம் அதைக் கோடை என்று நினைத்து
ரெனினை அனுப்பும்.
அது ஒருவரை எழுப்ப, அவர் இன்னொருவரை எழுப்ப,
கடைசியில் அதிரீனலின் கதவு தட்டப்படும்.
உள்ளிருந்து அல்டோஸ்டரோன் சொல்லும்:
உப்பை விடாதே, பிடி.
நல்ல தண்ணீரை உப்புத்தண்ணீர் சுமந்து நிற்கும்
சுண்ணாம்புக்கல் ஊரில்
இதை விளங்கப்படுத்த எனக்கு
வெண்கட்டி தேவைப்படுவதில்லை.

ரெனினை மட்டும் ஐஸில் வைக்கக் கூடாது.
மற்றதெல்லாம் குளிரில் தப்பும், இது குளிரில் பொய் சொல்லும்:
உறங்கிக் கிடந்த மூலக்கூறு விழித்து
என்னையும் எண்ணு என்று வரிசையில் நிற்கும்.
அதனால் கரண்ட் போன சித்திரை மத்தியானத்தில்
குகப்பிரியன் அவவின் ரத்தத்தைச்
சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு
ஜெனரேற்றரைத் திட்டியபடி நின்றான்.

மூன்று கிழமையால் எண்கள் வந்தன.
ரெனின், கருவிக்குத் தெரியாத அளவு கொஞ்சம்.
அல்டோஸ்டரோன், மேல்வரம்பைத் தாண்டி.
பொற்றாசியம் இரண்டு தசம் எட்டு.
ஒருவரும் தட்டாத கதவின் பின்னால்
ஆரோ கத்திக்கொண்டேயிருந்திருக்கினம்.
ஸ்கானில், இடது அதிரீனலில்
ஒரு கச்சான் கொட்டை.

பதினெட்டு வருஷம், மூன்று விதக் குளிசை.
கிளினிக் கொப்பியில் பக்கத்துக்குப் பக்கம்
மருந்தோடு மருந்தாக எழுதியிருந்தது:
யோசிப்பதைக் குறைக்கவும்.
களங்கண்டி பார்க்கப் போன மடுத்தீன்
திரும்பாத வருஷத்திலிருந்து
அவவின் பிரஷருக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஆறாம் மாதம்
நூற்றிருபத்தாறுக்கு எழுபத்தெட்டு.
குளிசை இல்லை.
கெண்டைக்கால் இழுக்கிறதில்லை,
இரவில் அஞ்சுதரம் எழும்புகிறதில்லை.
எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
கட்டுரையின் அட்டவணையில்
அவவுக்கென ஒரு வரி ஏற்கெனவே ஏறியிருந்தது.

கைப்பட்டியைத் தானே கழற்றினா.
"அப்ப பிரஷர் அந்தக் கச்சானாலயோ?"
"ஓம்."
"முழுக்கவோ?"
"முழுக்க."

ஃபான் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியது.

"அப்ப அவருக்காக
என்ர உடம்பு ஒண்டுமே செய்யேல்லையோ, பிள்ளை?"

முழுக்க என்ற சொல்லை
நான் ஒரு கட்டுரையிலும் எழுதியதில்லை.
எழுதினால் நடுவர்கள் விடமாட்டார்கள்;
பெரும்பாலும், ஓரளவு, இம்மாதிரிகளில்,
என்று தணித்துத் தணித்துப் பழகிய கை.
வாய் மட்டும் அன்றைக்கு அவசரப்பட்டது.
திரும்பி வாங்க ஒரு வசனம் தேடினேன்.
குருதியமுக்கம் பற்றிப் பத்து வசனம் வந்தது.

அவ பைக்குள் கைவிட்டு
கானை எடுத்து மேசையில் வைத்தா.
சவர்க்காரம் போட்டு, வெயிலில் கவிழ்த்து,
மூடிக்குள்ளும் ஈரமில்லாமல்.
"இன்னும் ஆக்கள் வருவினம்தானே, குடுங்கோ.
எவ்வளவு தேய்ச்சும்
நம்பர் மட்டும் போகேல்லை."